இன்னும் வராத ஆறு மணி

குளிர்கிடங்கில் அவரை எல்லோரும் மைனஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக மைனஸ் பதினெட்டு டிகிரியில் மீனையும் பட்டாணியையும் காவல் காத்தவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து, பதிவேட்டில் எண்ணை எழுத வேண்டும். மைனஸ் எழுதிய பதிவேடு என்றால் சோதனைக்கு வரும் அதிகாரிகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். ஒரு கட்டம் காலியாக இருக்காது.

எப்படி இருக்கும்? காலையில் வேலைக்கு வந்து சட்டையை மாட்டியதுமே அன்று முழுவதற்குமான கட்டங்களை மனுஷன் நிரப்பிவிடுவார். அப்புறம் நேரம் தவறாமல் போய் மீட்டரையும் பார்ப்பார், அதில் சோம்பல் கிடையாது. எழுதியது சரியாக இருக்கிறதா என்று சரிபார்க்கத்தான் அந்தப் பார்வை. லாரிக்குச் சரக்கு ஏற்றக் கதவைத் திறந்து போட்டால் மீட்டர் மைனஸ் பன்னிரண்டுக்கு ஏறி நிற்கும். நிற்கட்டுமே. கதவைச் சாத்தினால் ஒரு மணி நேரத்தில் எந்திரம் தானாக இறங்கிவிடும். "நாம எழுதி வெச்சா போதும், அது வந்து நின்னுக்கும்" என்பது அவர் கட்சி. இருபத்திரண்டு வருஷம் அது அப்படியே வந்து நின்றதுதான் அவருக்குப் பிடித்த சனி.

அவருக்கு நிணநீர் முடிச்சில் புற்றுநோய். ஆறு தவணை மருந்து ஏற்றினார்கள். கடைசித் தவணை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. கட்டி கரைந்துவிட்டது, இனி உடம்பைத் தேற்றுவதுதான் பாக்கி என்று சொல்லி, மருந்து ஏற்றும் வார்டு நர்ஸ் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். எடை, குடித்த தண்ணீர், நடந்த நேரம், உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்த கணக்கு, ஒரு நாளைக்கு நாலு தடவை உடம்புச் சூடு, எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டமாக இடம் விட்டிருந்தது.

"மருந்து முடிஞ்சிருச்சேன்னு அசால்ட்டா இருக்காதீங்க சார். இன்னும் ரெண்டு வாரம் உங்க ரத்தத்துல எதிர்ப்பு சக்தி அடிமட்டத்துல கிடக்கும். சூடு நூறு புள்ளி நாலு ஆச்சுன்னா ஒரு மணி நேரத்துல இங்க இருக்கணும். நீங்களா காய்ச்சல் மாத்திரை போட்டுறாதீங்க. அது காய்ச்சலைத்தான் மறைக்கும், கிருமி பாட்டுக்கு உள்ள வேலை பார்க்கும்."

மைனஸ் பவ்யமாகத் தலையாட்டினார். நோட்டைப் பார்த்தபோது மட்டும் கை குறுகுறுத்தது.

சும்மா சொல்லக் கூடாது, மற்றதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். மெத்தென்ற பிரஷ்ஷில் பல் தேய்த்தார். கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடித்தார். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அரை மணி நடந்தார். சாப்பாடு சாணிக் காகிதம் மாதிரி ருசித்தாலும் மனைவி வைத்ததை மிச்சம் வைக்கவில்லை. சூட்டுக் கட்டம் நாலையும் மட்டும் காலைக் காபிக்கு முன்பே எழுதி முடித்துவிடுவார். ஒரே எண்ணாகப் போட்டால் சந்தேகம் வருமல்லவா? தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு, நாலு, ஆறு என்று மாற்றி மாற்றிப் போடுவார். கைதேர்ந்த ஆள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு வழக்கம்போல் சரிபார்க்கத் தெர்மாமீட்டரை வாயில் வைத்தார். நூறு புள்ளி எட்டு. நோட்டில் தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டதோ? அந்த ஒரு கேள்வியை அவரால் தாங்க முடியவில்லை. ஆறு தவணையும் முதலிலிருந்து மறுபடியுமா? ஒன்றாம் தேதி வேலைக்கு வரலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தாரே, அது என்ன ஆவது? அலமாரியில் தலைவலிக்கென்று கிடந்த அட்டையிலிருந்து ஒரு காய்ச்சல் மாத்திரையைப் பிதுக்கி விழுங்கினார். ஒரு மணி நேரத்தில் சூடு இறங்கியது. பார்த்தாயா, தானாக இறங்கிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தார். மறுநாள் அது மறுபடி ஏறியது. மறுபடி மாத்திரை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்டையில் ஆறு குழிகள் காலி.

ஞாயிறு பதினோரு மணிக்கு நர்ஸ் போன் பண்ணி வாரக் கணக்கைக் கேட்பாள். போன வாரம் அவரே செய்தி வாசிப்பவர் மாதிரி வாசித்துக் காட்டினார். இந்த வாரம் கட்டிலை விட்டு எழுந்திருக்கத் தெம்பில்லை. போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு வந்தது. "அசதியா இருக்கு, நீயே வாசிச்சிரும்மா" என்று மனைவியிடம் நோட்டைத் தள்ளினார்.

அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படிக்கச் சொல்கிறவள், தானும் எதையும் கடைசி வரிவரை படிப்பவள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு எப்படிக்கா இருக்கு?" என்றாள் நர்ஸ்.

"நல்லா இருக்கு சிஸ்டர். காலைல ஆறு மணி தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. பத்து மணிக்கு புள்ளி ஆறு. ரெண்டு மணிக்கு புள்ளி நாலு. சாயந்திரம் ஆறு மணிக்கு..."

அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். சுவர்க் கடிகாரம் பதினொன்று ஐந்து காட்டியது.

"அக்கா, சாயந்திரம் ஆறு மணிக்கு எவ்வளவு?" நர்ஸ் மெதுவாகக் கேட்டாள்.

அவள் நோட்டிலிருந்து கண்ணை எடுத்துக் கணவனைப் பார்த்தாள். மைனஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டினவள் பார்வையைவிடச் சுவர் எவ்வளவோ தேவலை.

"நான் லைன்லயே இருக்கேன். இப்பவே அளந்து சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

"கொஞ்சம் இரு, தாகமா இருக்கு" என்று மைனஸ் தட்டுத் தடுமாறி எழுந்து சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் தண்ணீரை வாய் நிறைய ஊற்றி, நாக்குக்கு அடியில் தேக்கி, மனசுக்குள் அறுபதுவரை எண்ணினார். இதுவும் தொழில் வித்தைதான். அதிகாரி வருகிறார் என்றால் கிடங்கில் மீட்டரின் முனையைக் குளிர்காற்று வரும் துவாரத்துக்கு நேரே நகர்த்தி வைப்பார்கள். திரும்பி வந்து நல்ல பிள்ளையாக வாயைத் திறந்தார்.

"தொண்ணூத்தாறு புள்ளி ஒம்போது" என்று வாசித்தாள் மனைவி.

"அவ்வளவு கம்மியாவா?" என்றது போன்.

அவள் புறங்கையை அவர் கன்னத்தில் வைத்தாள். கன்னம் கொதித்தது. உதட்டோரம் வழிந்த சொட்டைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, தெர்மாமீட்டரை அக்குளில் சொருகி, அவர் கையை விலாவோடு சேர்த்துத் தன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கருவி கத்தும்வரை இருவரும் முகத்துக்கு முகம் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஒரு நிமிஷம் போல நீளமான நிமிஷத்தை மைனஸ் கண்டதில்லை.

"நூத்தி ரெண்டு புள்ளி ரெண்டு, சிஸ்டர்."

"கிளம்புங்க. உடனே. சட்டை மாத்தக்கூட நிக்க வேண்டாம். நான் அவசரப் பிரிவுக்குச் சொல்லி வெக்கிறேன்."

டாக்ஸியில் அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். இருபது வருஷம் திட்டு வாங்கிப் பழகிய காது அது, மௌனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. முகக்கவசத்துக்குள் அவர் மூச்சு புஸ்ஸு புஸ்ஸென்று கேட்டது. முழங்கால் இரண்டும் தாமாக ஆடின, கையை வைத்து அமுக்கினாலும் நிற்கவில்லை. பச்சை விழுவதற்குள் தலை பின்பக்கம் சாய்ந்தது. "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போங்க" என்று டிரைவரிடம் சொன்ன அவள் குரல் பாதியில் உடைந்தது.

அவசரப் பிரிவில் காத்திருக்க வைக்கவில்லை. அதுவே அவருக்குக் கிலியைக் கிளப்பியது. ஒருவர் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார், ஒருவர் கையில் பட்டையைச் சுற்றினார். ரத்த அழுத்தம் எண்பத்தாறு என்று யாரோ சொன்னார்கள். பணியில் இருந்த டாக்டர் தாளும் பேனாவுமாக வந்து நின்றாள்.

"காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுது?"

"இன்னைக்குக் காலைலதான்" என்றார் மைனஸ். யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது.

டாக்டர் அதைத் தாளில் எழுதினாள். எழுதிக்கொண்டே, "அப்ப புதுசுதான். முதல் மருந்தைப் போட்டுட்டு வார்டுல வெச்சுப் பார்க்கலாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள்.

மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். இதை நீங்களே சொல்ல வேண்டும் என்பதுபோல் அவரையே பார்த்தாள். மைனஸ் டாக்டரின் பேனாவைப் பார்த்தார். அந்தத் தாளில் ஏறியதை நம்பித்தான் தன் கையில் என்ன மருந்து ஏறப்போகிறது என்று அவருக்கு உறைத்தது. மீன் பெட்டி கெட்டால் தூக்கிக் கொட்டிவிட்டு வேறு பெட்டி வைக்கலாம். இங்கே பெட்டி அவரேதான்.

"டாக்டர், அதை அடிச்சிருங்க."

"எதை?"

"இப்ப எழுதினீங்களே, அதை. அது பொய்." எச்சிலை விழுங்கிவிட்டுச் சொன்னார். "வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணி, நூறு புள்ளி எட்டு. மாத்திரை போட்டேன். ஏழு மணிக்குத் தொண்ணூத்தொம்போது. சனிக்கிழமை காலைல ஆறு மணி, நூத்தி ஒண்ணு புள்ளி மூணு. மாத்திரை. பத்து மணிக்கு நூறு புள்ளி ஒண்ணு. ரெண்டு மணிக்கு நூத்தி ஒண்ணு புள்ளி ஆறு. அப்ப ஒரு மாத்திரை. சாயந்திரம் ஆறு மணி, நூத்தி ரெண்டு. மறுபடி மாத்திரை. படுக்கறப்ப ஒண்ணு. இன்னைக்குக் காலைல ஆறு மணி, நூத்தி ரெண்டு புள்ளி நாலு, அதுக்கு ஒரு மாத்திரை. நேத்து சாயந்திரத்திலிருந்து உடம்பு உதறுது. ஒண்ணுக்குச் சரியாப் போகலை."

ஒரு எண் தடுமாறவில்லை. நோட்டில் ஏறாத நிஜமெல்லாம் தலைக்குள் கட்டம் கட்டமாக இருந்தது. டாக்டர் முதல் வரியை அடித்துவிட்டு மளமளவென்று எழுதினாள். "வார்டு வேண்டாம், தீவிர சிகிச்சைக்குச் சொல்லுங்க. மருந்தை மாத்துங்க. ரெண்டு மருந்து சேர்த்துப் போடணும். இப்பவே" என்று அவள் குரலை உயர்த்தியதும் அறையே சுறுசுறுப்பானது.

கால்மாட்டில் நின்றவள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பொய்யைவிட இதுதான் பொறுக்கவில்லை. தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டுவிடலாம். புள்ளி பிசகாமல் தெரிந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்துக் கிடந்திருக்கிறான் மனுஷன்.

"பயமா இருந்துச்சும்மா" என்றார் அவர். "திரும்ப வந்துருச்சோன்னு."

"இது அது இல்லைன்னுதான் தோணுது சார், கிருமியா இருக்கும்" என்றாள் டாக்டர். "ஆனா ரெண்டு நாள் லேட்டா வந்திருக்கீங்க. நாளைக்குக் காலை வரைக்கும் நான் எதுவும் உறுதி சொல்ல மாட்டேன்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். மனைவி கூடவே ஓடி வந்தாள். இரட்டைக் கதவுக்கு முன்னால் இதற்கு மேல் வரக் கூடாது என்று தடுத்தார்கள். அவள் குனிந்து, அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னாள்:

"வீட்டுக்கு வாங்க. அப்புறம் இருக்கு உங்களுக்கு."

கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது, துடைக்கவில்லை. "மூணு நாளுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கப் போறீங்க. கேட்டுச்சா? வீட்டுக்கு வரணும்."

"வந்துடறேன்" என்றார் மைனஸ். சொல்லிவிட்டு, அது முன்கூட்டியே சொல்லக் கூடிய விஷயமில்லை என்று தோன்றியது. "வரப் பார்க்கிறேன்மா" என்று மாற்றிச் சொல்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது.