உப்புத் தண்ணீரில் ஓடிய துப்பாக்கி

இயந்திரத் துப்பாக்கி இருமியது. லூசியான் ட்ரோஸ்ட் விசையிலிருந்து விரலை எடுத்தான். குழலின் சூட்டைத் தணிக்க அதைச் சுற்றிய உறையில் தண்ணீர் வற்றிவிட்டது. இன்னும் கொஞ்சம் சுட்டால் குழல் பழுத்துப் பாழாகிவிடும்.

1939, மழை பொய்த்த செப்டம்பர். நாரெவ் ஆற்றில் இடுப்பளவுகூடத் தண்ணீர் இல்லை. அக்கரையில் ஜெர்மன் டாங்கிகளும் காலாட்படையும் ஈசல் கூட்டமாய் மொய்த்தன. இக்கரையில், கான்கிரீட் அறைக்குள், போலந்து வீரர்கள் மூன்றே பேர். பின்னால் மணல் பாதையில் காயம்பட்டவர்களை ஏற்றிய குதிரை வண்டிகள் காட்டை நோக்கி ஊர்ந்தன. ஏதோ ஒரு வண்டியில் லூசியானின் தம்பி, தொடையில் குண்டோடு கிடக்கிறான். கடைசி வண்டி மரங்களுக்குள் மறையும்வரை எதிரி கரையேறக் கூடாது. அதுதான் உத்தரவு.

குடிநீர் காலையிலேயே துப்பாக்கிக்குப் போய்விட்டது. ஆற்றில் மொள்ளப் போகிறவன் உயிரோடு திரும்பமாட்டான். அப்போதுதான் தோட்டா ஊட்டும் ஹிரோனிம், மூலையிலிருந்த பீப்பாயை உருட்டி வந்தான். பண்ணைக்காரி கொடுத்தது. பூண்டு போட்டு உப்புத் தண்ணீரில் புளிக்கவைத்த வெள்ளரிக்காய்.

"உப்புத் தண்ணியையா ஊத்தச் சொல்றே? துரு பிடிச்சிரும்டா," என்றான் லூசியான். முன்பு துப்பாக்கியில் இருந்த ஒரு பொட்டுத் துருவுக்காகப் படைச் சிறையில் கிடந்தவன் அவன்.

"நாளைக்கு இதைத் துடைக்கப்போறவன் ஜெர்மன்காரன். நல்லாத் தேய்க்கட்டுமே."

ஊற்றினார்கள். துப்பாக்கி உறுமி எழுந்தது. ஆற்றில் இறங்கிய ஜெர்மன் வரிசை சிதறி அக்கரைக்கே ஓடியது. அறை முழுக்கப் பூண்டு வாசனை. மூவருக்கும் நாக்கில் எச்சில் ஊறியது.

அறைக்குள் காற்று வர வெட்டிய சுரங்கவழி, அறை புதைந்திருந்த மேட்டின் மறுகோடிப் புதர்வரை போயிற்று. அதில் மாட்டவேண்டிய விசிறிதான் வந்து சேரவில்லை. துப்பாக்கி உறையிலிருந்து ஆவி வெளியேறும் குழாயை ஹிரோனிம் அந்த வழிக்குள் சொருகினான். தூரத்தில் அந்தப் புதரிலிருந்து வெள்ளை ஆவி குபுகுபுவென்று கிளம்ப, துப்பாக்கி அங்கேதான் இருக்கிறது என்று நம்பிய டாங்கிகள் அத்தனையும் புதரைப் போட்டுத் துவைத்தன.

"ஊறுகாயைச் சுடுறானுங்க," என்று ஹிரோனிம் விழுந்து விழுந்து சிரித்தான்.

புகை போகத் திறந்திருந்த பின்கதவில் நின்ற லெப்டினன்ட் ஜாவில்ஸ்கி சிரிக்கவில்லை.

"எல்லா வண்டியும் காட்டுக்குள்ள போயிருச்சு. ஒண்ணு மட்டும் மணல்ல புதைஞ்சு நிக்குது, குதிரை செத்துப்போச்சு. நான் இருக்கேன். போறவங்க இப்பவே போங்க. அப்புறம் முடியாது."

"அதுல என் தம்பி இருக்கானா, லெப்டினன்ட் ஐயா?"

"இங்கேயிருந்து முகம் தெரியலைப்பா."

ஹிரோனிம் புதுத் தோட்டாவாரை எடுத்து மாட்டினான். லூசியான் துப்பாக்கியின் பின்னால் சம்மணமிட்டான்.

"கதவை மட்டும் சாத்திராதீங்க ஐயா."

முதல் டாங்கி ஆற்றுக்குள் மூக்கை நுழைத்தது. லூசியான் ஒருமுறை திரும்பிப் பின்கதவு வழியாகப் பார்த்தான். மணலில் புதைந்த வண்டியிலிருந்து கட்டுப்போட்ட உருவங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒருவன் தோளை இன்னொருவன் பற்றி, ஒற்றைக் காலில் நின்றபடி, சக்கரத்தில் கை வைத்துத் தள்ளினார்கள். சக்கரம் அசைந்தது, பின்னால் சரிந்தது, மறுபடி அசைந்தது.