சிமிலி துடைக்கிற சாம்பல்

“மூடாதேங்கோ! பெட்டியை மூடாதேங்கோ! படம் எடுக்கிற ஆள் வந்திட்டுது!”

படலையடியில் நின்ற காரிலிருந்து இறங்கி ஓடிவந்துகொண்டே இளையதம்பி கத்தினார். மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த இரண்டு பேரும் அதைத் திரும்பவும் சுவரில் சாத்தினார்கள். ஒப்பாரி சட்டென்று நின்றது. படம் என்றதும் பின்னால் இருந்த பெண்கள் தலைமயிரை ஒதுக்கி, சேலையைச் சரிசெய்துகொண்டார்கள்.

பெட்டியின் தலைமாட்டில் இருந்த விமலேஸ்வரி மட்டும் அசையவில்லை. உள்ளே கிடந்தவர் அவளுடைய புருசன் ஐயாத்துரை. முதல்நாள் காலை கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவர் பிறகு எழும்பவில்லை. வயது நாற்பத்திநாலு. புதுக்குடியிருப்பில் படம் எடுக்கத் தெரிந்திருந்த ஒரே ஆள்.

கலியாணத்துக்குப் படம் எடுக்காத வீடுகள்கூடச் செத்தவீட்டுக்கு எடுக்கும். தலைக்கு இன்னொரு தலையணை வைத்து முகத்தை உயர்த்தி, சனம் சுற்றிவர நின்று ஒரு படம். பிறகு அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். பன்னிரண்டு வருசமாக ஐயாத்துரை சீவித்தது பெரும்பாலும் அந்தப் படங்களால்தான். அவருடைய முகம் உள்ள படம் என்று வீட்டில் ஒன்றும் இல்லை.

“யாழ்ப்பாணத்திலையிருந்து கூட்டிக்கொண்டு வந்தனான்.” இளையதம்பி முற்றத்தில் நின்றவர்களுக்கும் கேட்கச் சொன்னார். “காருக்கு அறுவது. படத்துக்கு ஐம்பது. என்ரை தம்பிக்குச் செய்யாமல் நான் ஆருக்குச் செய்யிறது?”

“தமையன் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்” என்றார் யாரோ ஒரு கிழவர்.

ஐம்பது என்றதும் விமலேஸ்வரி தலையை நிமிர்த்தி இளையதம்பியைப் பார்த்தாள். அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன மாரியில் வெள்ளம் வடிந்த பிறகு ஐயாத்துரையின் கமரா லென்சுக்குள் பூஞ்சணம் பிடித்தது. சிலந்திவலை மாதிரி மெல்லிய வெள்ளை நூல்கள். ஐயாத்துரை கொழும்பில் ஒரு கடைக்கு எழுதிக் கேட்டார். இங்கிலிசில் பதில் வந்தது. பள்ளிக்கூடத்துத் தவராசா மாஸ்டர்தான் வாசித்துச் சொன்னார். லென்சைக் கழற்றி உள்கண்ணாடிகளைத் துடைத்துப் பூட்ட அறுபது ரூபா. கமராவையும் சேர்த்துச் சுத்தம் செய்தால் இன்னும் பதினைந்து. பதிவுத் தபாலுக்கும் காப்புறுதிக்கும் ஆறரை. எல்லாமாக எண்பத்தொன்றரை. வீட்டில் இருந்தது முப்பத்திரண்டு.

மிச்சத்துக்கு ஐம்பது ரூபா கேட்டுத்தான் இரண்டு பேரும் அக்கராயனுக்கு, இளையதம்பி வீட்டுக்குப் போனார்கள். அப்போது அங்கே சூடடிப்பு. களத்தில் நெல் குவிந்து கிடந்தது.

“என்னடா, கண்ணாடி துடைக்க எண்பது ரூபாயோ?” என்று இளையதம்பி சாக்கைக் கட்டிக்கொண்டே கேட்டார். “ஏழு புசல் நெல்லடா! என்ரை மனுசி ஒவ்வொரு நாளும் பின்னேரம் விளக்குச் சிமிலி துடைக்கிறாள். ஒரு பிடி சாம்பல், ஒரு சீலைத்துண்டு. பளிங்கு மாதிரி வரும். அவளை உன்ரை கொழும்புக் கடைக்கு அனுப்பட்டே?”

“நான் ஐஞ்சு ரூபாய்க்கே துடைச்சுத் தாறன் தம்பி” என்றாள் சிவனேஸ்வரி, அவருடைய மனுசி.

களத்தில் நின்ற கூலியாட்களும் சிரித்தார்கள். ஐயாத்துரையும் சிரித்தார். இரண்டு பேரும் வெறுங்கையோடு பஸ் ஏறினார்கள்.

அடுத்த கிழமை அவர் குளிக்கப் போன நேரம் விமலேஸ்வரி லென்சை எடுத்தாள். வேப்பம்விறகுச் சாம்பலைத் துணியில் அரித்து, மா மாதிரி எடுத்து, சிமிலிக்குச் செய்வதுபோலவே சுற்றிச் சுற்றித் துடைத்தாள். கண்ணாடி மினுங்கியது. அவளுக்குச் சந்தோசம். எண்பது ரூபா மிச்சம் என்று நினைத்தாள்.

குளித்துவிட்டு வந்தவர் லென்சை யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஈரத்தலை துவட்டாமல் கனநேரம் பார்த்தார். பிறகு மூடியைப் போட்டு வைத்துவிட்டு, “தேத்தண்ணி இருக்கே?” என்று கேட்டார். அவ்வளவுதான். தான் துடைத்தது அவருக்குத் தெரியவில்லை என்றுதான் அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

அந்த மாதமே உடையார்கட்டில் ஏரம்பு என்ற பெரியவர் செத்தார். “இந்தப் படக்காசோடை லென்சை அனுப்பிப்போடலாம்” என்று சொல்லிவிட்டு ஐயாத்துரை சைக்கிளை எடுத்தார். பிலிமைக் கழுவி எடுத்தபோது படம் முழுக்கப் புகை. பெட்டி தெரிந்தது. பந்தல் தெரிந்தது. ஏரம்புவின் முகம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் படலம். மகன் யோகலிங்கம் இந்த முற்றத்தில் வந்து நின்றுதான் கத்தினான். “என்ரை அப்புவை இன்னொருக்காச் சாகச் சொல்லட்டே, நீர் படம் எடுக்க?”

அதற்குப் பிறகு ஒருவரும் ஐயாத்துரையைக் கூப்பிடவில்லை.

யோகலிங்கமும் இன்றைக்கு வந்திருந்தான். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல் வாசலோடு நின்றான்.

படக்காரர் அப்புத்துரை முக்காலியை விரித்து நிறுத்தினார். அமைதியான மனுசன். ஒரு தோல்துண்டை எடுத்துத் தன் லென்சை மெதுவாக ஒற்றித் துடைத்தார். இளையதம்பி உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஐயாத்துரையின் கமராப் பெட்டியோடு வந்தார்.

“இஞ்சை, தம்பியின்ரை சாமான். இனி இஞ்சை ஆருக்கு உதவும்? என்ன விலை போகுமெண்டு பாத்துச் சொல்லும். உம்மடை ஐம்பதை அதிலை கழிப்பம்.”

விமலேஸ்வரி திரும்பிக் கமராப் பெட்டியைப் பார்த்தாள். காசு கொடுப்பதாகச் சொன்னவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புத்துரை சங்கடத்தோடு பிணத்தைப் பார்த்தார். பிறகு லென்சை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“இது உதவாதண்ணை.”

“ஏன், என்ன?”

“உள்ளுக்கை பூஞ்சணம். அது பெரிய காரியமில்லை, அறுவது எழுவது ரூபாயோடை கழுவி எடுத்திருக்கலாம். இது வெளிக்கண்ணாடி முழுக்கக் கீறல். விளிம்பிலை சாம்பல் ஒட்டிக் கிடக்கு, ஆரோ அதைப் போட்டுத் தேய்ச்சிருக்கினம். இனி லென்சே புதிசு போடவேணும். இருநூறுக்கு மேலை வரும்.”

“சாம்பலோ!” இளையதம்பிக்குக் கோபம் வந்தது. ஐம்பது ரூபா கையை விட்டுப் போகிற கோபம். “பாத்தீங்களே இவன்ரை வேலையை? ஒரு தொழில் செய்யிறவன் தன்ரை ஆயுதத்தைத் தானே பழுதாக்குவானே?”

வாசலில் நின்ற யோகலிங்கம் முதல்தடவையாக வாயைத் திறந்தான்.

“ஓம். அவரே சொன்னவர். அப்புவின்ரை படக்காசைத் திருப்பித் தர வந்த அண்டு, என்னெண்டு இப்பிடி வந்ததெண்டு கேட்டனான். ‘நான்தான் தம்பி, காசு மிச்சம் பிடிக்கச் சாம்பல் போட்டுத் துடைச்சனான். என்ரை பிழை’ எண்டவர்.”

விமலேஸ்வரி அவனைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் பார்த்தாள். தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்கு மேலே அந்த வாய் மூடியே கிடந்தது.

“அவர் துடைக்கேல்லை” என்றாள்.

இரண்டு நாளாகக் கத்திய தொண்டை. முதலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவள் எழும்பி நின்றாள்.

“அவர் துடைக்கேல்லை. நான் துடைச்சனான். அவர் குளிக்கப் போன நேரம் எடுத்துத் துடைச்சனான். அத்தான், நீங்கள் களத்திலை வைச்சுச் சொன்னீங்களெல்லே, அதே மாதிரி. சாம்பலும் சீலைத்துண்டும்.”

பறை அடிக்கிறவர்கள் முற்றத்தில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்த நெருப்பின் சடசடப்பு உள்ளே கேட்டது.

சிவனேஸ்வரி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “ஐயோ, என்ரை பிள்ளை! புருசன்ரை பேரைக் காப்பாத்தப் பாக்கிறாளே!”

“பொம்பிளை எண்டால் இவளெல்லோ” என்றாள் மூலையிலிருந்த அயல்வீட்டு அன்னபாக்கியம். “செத்தாப் பிறகும் மனுசனை விட்டுக்குடுக்கிறாளில்லை.”

“இல்லையக்கா, நான்தான். உண்மையா நான்தான்…”

“சரி சரி. நீ இரு” என்று சிவனேஸ்வரி அவளுடைய தோளை அழுத்தினாள்.

யோகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். “விடுங்கோ அக்கா. நான் இப்ப உங்களை ஒண்டும் கேக்கேல்லை. ஆர் துடைச்சாலென்ன, என்ரை அப்புவின்ரை முகம் வரப்போறேல்லைத்தானே.”

விமலேஸ்வரி இளையதம்பியைத் தேடினாள். ஒருவரும் நம்பாவிட்டாலும் அவருக்குத் தெரியும். களத்தில் சிரித்த சிரிப்பு அவருக்கு மறந்திருக்காது. அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. தட்டத்திலிருந்த திருநீற்றை மூன்று விரலால் அள்ளி, குனிந்து, தம்பியின் நெற்றியில் பூசினார். காய்ந்த தோலில் திருநீறு பிடிக்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தார்.

“நேரம் போகுது. படத்தை எடும்” என்றார்.

ஆட்கள் நிரையாக நின்றார்கள். இளையதம்பி தலைமாட்டில், பெட்டியில் ஒரு கையை வைத்தபடி. அவளைக் கால்மாட்டுப் பக்கம் தள்ளி நிறுத்தினார்கள். பின்னால் யாரோ தோளைப் பிடித்திருந்தார்கள்.

“அம்மா, கொஞ்சம் நிமிந்து இஞ்சாலை பாருங்கோ” என்றார் அப்புத்துரை.

அவள் நிமிர்ந்து அந்தச் சுத்தமான கண்ணாடியைப் பார்த்தாள்.

சுடலைக்குப் போனவர்கள் பொழுதுபடத் திரும்பினார்கள். குளித்துவிட்டு வந்த இளையதம்பி விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தார். செத்தவருக்குப் படைக்கிற எட்டுச்செலவுக்கு நாள் பார்க்கப் பஞ்சாங்கம் கேட்டார். இருட்டிக்கொண்டு வந்தது.

சிவனேஸ்வரி குசினியிலிருந்து விளக்கையும் சிமிலியையும் கொண்டுவந்து விமலேஸ்வரிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு சிரட்டையில் சாம்பலும் சீலைத்துண்டும்.

“சும்மா இருந்து யோசியாதை பிள்ளை. சிமிலி கரிபிடிச்சுக் கிடக்கு. துடைச்சுக் கொளுத்து.”

விமலேஸ்வரி சிமிலியைக் கையில் எடுத்தாள். உள்ளுக்குள் பார்த்தாள். திரியைக் கொளுத்தி, கரியோடு அப்படியே அதை விளக்கில் பொருத்தி, விறாந்தைக்குக் கொண்டுபோய் இளையதம்பிக்கு முன்னால் வைத்தாள்.

அவர் பஞ்சாங்கத்தை விளக்குக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

“என்ன விமலா, ஒரு எழுத்தும் தெரியேல்லை. சிமிலியைத் துடைக்கேல்லையே?”

அவள் சுவரில் சாய்ந்து இருந்தாள். கண்ணை அவர் முகத்திலேயே வைத்திருந்தாள். அவர் பஞ்சாங்கத்தை மூடி மடியில் வைத்தார். சிரட்டைச் சாம்பல் வைத்த இடத்திலேயே கிடந்தது. சிமிலியின் ஒரு பக்கம் இன்னும் கறுத்துக்கொண்டு போனது.