பத்துக்கு இருபது

ரவீன் செய்த கம்பங்கள் பத்தையும் ஏமாற்றிப் போனவர் என்று 2007 மார்ச் வரைக்கும் அந்தக் கல்லூரியில் ஒருவருமில்லை. தென் லண்டனில், கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய கல்லூரி. உடற்பயிற்சிக் கூடத்தில் பத்து வாசல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வாசலின் நடுவிலும் ஒரு கம்பம். அதற்கு இடப்பக்கத்தாலும் போகலாம், வலப்பக்கத்தாலும் போகலாம். கூரையில் ஒரு கேமரா, மூலையில் ஒரு கம்ப்யூட்டர். ஓடி வருகிறவரின் தோளையும் இடுப்பையும் பார்த்து, எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று கம்ப்யூட்டர் முதலே கண்டுபிடித்து அந்தப் பக்கத்துச் சிவப்பு விளக்கைப் போடும். சிவப்புக்குள் புகுந்தால் பிடிபட்டதாகக் கணக்கு. விளக்கு கடைசிக் காலடியில்தான் எரியும். அந்த நேரத்தில் மனம் மாறலாம், கால் மாறாது.

பத்தில் ஆறு வாசல் தப்பினால் பாஸ். ரக்பி ஆடுகிற ஒரு பெரிய பையன் மூன்றோடு வெளியே வந்தான். வந்தவன் நடுக்கம்பத்திடம் 'சொறி' சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான் என்றும், கம்பம் பரவாயில்லை என்பதுபோல் ஒருமுறை மின்னியது என்றும் கூடத்தைக் கூட்டுகிறவர் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை.

அந்த வாசல்களின் முன்னால்தான் யோகமலர் வந்து நின்றாள். வயது நாற்பத்தேழு. ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. புதன்கிழமைகளில் மட்டும் இந்தக் கல்லூரியின் பயிற்சியாளர் வகுப்பு. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் அவளுடைய மகளைவிட இளையவர்கள்.

இவ்வளவுக்கும் காரணம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைவர் கிருஷ்ணராசா. கோடைகால விளையாட்டுப் போட்டியில் பெடியன்களுக்குக் கிரிக்கெட், உதைபந்து, கயிறிழுத்தல் எல்லாம் இருந்தன. பெட்டைகளுக்குச் சாக்கோட்டம் மட்டும். யோகமலர் கிளித்தட்டு கேட்டாள். நிலத்தில் வரிசையாகக் கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு ஆள் காவல் நிற்க, அவர்களுடைய கை படாமல் கடைசிக் கோடுவரை போய்த் திரும்பி வருகிற விளையாட்டு.

"தங்கச்சி, சேர்ட்டிபிக்கட் உள்ள கோச் இல்லாமல் கவுன்சில் கிரவுண்ட் தராது," என்றார் கிருஷ்ணராசா. "நீர் வழமைபோல வடைப் பக்கத்தைப் பாரும்."

"நான் சேர்ட்டிபிக்கட் எடுத்தால்?"

"எடுத்தால் வடையை நான் சுடுறன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். யோகமலர் சிரிக்கவில்லை. சிரித்தவர்களின் பெயர்களை மட்டும் மனத்தில் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்தாள். மற்றப் பாடங்களெல்லாம் முடிந்து, இந்தக் கம்பங்கள்தான் கடைசிச் சோதனை. இன்றைக்குத் தவறினால் அடுத்த வாய்ப்பு செப்டம்பரில்; போட்டியோ ஜூலையில். இருபத்திரண்டு பெட்டைகள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

"பயப்படாதீங்கக்கா," என்றான் ரவீன். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் இந்தக் கல்லூரியிலேயே சம்பளத்துக்கு இருந்துவிட்டவன். "நேரா ஓடுங்க. அறுபது ஸ்டூடண்ட்ஸ் ஓடுறத பாத்து இது படிச்சிருக்கு. மனுஷன் எங்க பாக்குறானோ அங்கதான் போவான்னு அதுக்குத் தெரியும்."

"ஆர் சொன்னது?" என்று கேட்டாள் யோகமலர்.

விசில் ஒலித்தது. முதல் வாசலில் அவளுடைய கண், தோள், மூக்கு, பின்னல் எல்லாம் இடப்பக்கம் போயின. ஆள் வலப்பக்கம் போனாள். இடப்பக்கத்தில் சிவப்பு எரிந்தது. இரண்டாவதில் இடுப்பை வலப்பக்கம் அனுப்பிவிட்டு இடப்பக்கத்தால் நுழைந்தாள். ஐந்தாவது வாசலுக்கு வரும்போது கம்ப்யூட்டரின் விசிறி மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. எட்டாவது கம்பம் எதற்கு வம்பு என்று இரண்டு பக்கமும் விளக்கைப் போட்டுப் பிறகு இரண்டையும் அணைத்தது. பத்தும் முடிந்தது.

அங்கே நின்றிருந்தால் கதையும் முடிந்திருக்கும். ஆனால் கிளித்தட்டில் கடைசிக் கோட்டைத் தாண்டுகிறவர் வெறும் காய். திரும்பி வந்து சேர்ந்தால்தான் பழம். நாற்பது வருடப் பழக்கம் காலில் இருக்கும்போது அது சோதனை விதியைக் கேட்குமா? யோகமலர் "பழம்" என்று ஒரு சத்தம் வைத்தாள். அப்படியே திரும்பிப் பத்து வாசலையும் மறுபடி ஏமாற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாள்.

திரையில் 20/10 என்று இருந்தது.

ரவீன் திரையைத் துடைத்துப் பார்த்தான். அப்போதும் அதுதான் இருந்தது.

பரீட்சகர் கத்தரின் படிவத்தோடு வந்தாள். ஆறடி உயரம், ஒரு காலத்தில் ஹாக்கி கோல்கீப்பர். பத்துக்கு இருபது எடுக்க முடியாது, ஆகவே இது கருவியின் கோளாறு, ஓட்டம் செல்லாது என்றாள். மறுபடி ஓடலாம். ஆனால் இந்த முறை தோளை ஆட்டாமல், கண்ணை ஒரு பக்கம் காட்டாமல், கருவிக்கு விளங்குகிற மாதிரி ஓட வேண்டும்.

யோகமலர் ரவீனைப் பார்த்தாள். "தம்பி, இவ சொல்லுறது எனக்குச் சரியாத்தான் விளங்கினதோ? என்னைப் பிடிக்கிறதுக்கு நான் மெஷினுக்கு உதவி செய்ய வேணுமாம்?"

"ஆமாக்கா. மெதுவா நேரா ஓடுனா, லைட் எரிஞ்சதும் கால மாத்திக்கலாம், ஆறு வந்துரும். பாஸ் ஆயிருவீங்க. வாங்கிட்டுப் போயிருங்க."

"ஏலாது."

"அக்கா..."

"அந்தப் பெட்டையளுக்கு நான் படிப்பிக்கப் போறதே ஆக்களை ஏமாத்திப் பேய்க்காட்டுறதுதான். அதை விட்டிட்டு ஓடி எடுத்த சேர்ட்டிபிக்கட்டோட அவையளின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது? உன்ர மெஷின் தோத்துப் போச்சுது. தோத்தவர்தான் திரும்பப் படிக்க வேணும்."

சொல்லிவிட்டுப் புறப்பட்ட கோட்டிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ரோல்ஸ் பெட்டியை எடுத்துத் திறந்தாள். மீன் ரோல்ஸ் வாசம் கூடம் முழுக்கப் பரவியது. நாலரைக்குக் கூடத்தைப் பூட்டிவிடுவோம், அதற்குள் ஓடாவிட்டால் ஃபெயில்தான் என்றாள் கத்தரின். யோகமலர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, தன்னுடைய நேர் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்: மெஷினை நிற்பாட்டு. நீ வந்து நில். போகும்போதோ வரும்போதோ ஒருமுறை உன் கை என்மேல் பட்டால் ஃபெயில் என்று எழுது, நான் வீட்டுக்குப் போகிறேன்.

கோல்கீப்பராக இருந்தவளிடம் இப்படிச் சொல்லக் கூடாது. கத்தரின் படிவத்தை ரவீனிடம் கொடுத்துவிட்டு முதல் வாசலில் போய்க் கையை விரித்தாள். கேமரா அணைந்தது.

ஒவ்வொரு வாசலுக்கும் முந்தி ஓடிப்போய்க் காவல் நின்றாலும், முதல் மூன்றிலும் கத்தரின் பிடித்தது காற்றை. ஏழாவதற்குள் அவளும் பாடம் படித்துவிட்டாள். தோளைப் பார்ப்பதை விட்டுக் காலைப் பார்த்தாள். ஒன்பதாவதில் அவளுடைய விரல் பின்னலின் நுனிக்கு ஒரு அங்குலம் தள்ளிப் போனது. இனித் தோள் வித்தை எடுபடாது.

பத்தாவது வாசலின் முன்னால் அவள் நின்றுவிட்டாள். சும்மா, பஸ் தரிப்பிடத்தில் நிற்பதுபோல. கத்தரின் காலைப் பார்த்தாள். கால் அசையவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று. ஒரு விசாக் கடிதத்துக்காக ஒன்பது வருடம் இதே முகத்தோடு காத்திருந்தவள் யோகமலர். கத்தரினுக்கு அந்தப் பயிற்சி இல்லை. நான்காவது நொடியில் அவள் இடப்பக்கம் பாய்ந்தாள். யோகமலர் வலப்பக்கத்தால் நடந்து போனாள். ஓடக்கூட இல்லை.

கத்தரின் பாய்விரிப்பிலிருந்து எழும்புவதற்குள் திரும்பி வருகிற பாதையில் ஆறு வாசல் முடிந்திருந்தது.

"பழம்," என்றாள் யோகமலர், கோட்டில் நின்று, மூச்சு வாங்கியபடி.

கத்தரின் முழங்காலைத் தடவிக்கொண்டு வந்து படிவத்தில் பத்து என்று எழுதினாள்.

"இருபது," என்றாள் யோகமலர்.

மதிப்பெண் பெட்டியில் பத்துக்குமேல் எழுத இடமில்லை என்று கத்தரின் காட்டினாள்.

"அப்ப பெட்டிக்கு வெளியில எழுதும்."

கத்தரின் பெட்டிக்கு வெளியே இன்னொரு பத்து எழுதிக் கையெழுத்தும் போட்டாள். குறிப்பு என்ற இடத்தில், கருவிக்கு மேலதிகப் பயிற்சி தேவை என்று எழுதினாள். யோகமலர் அவளிடம் ரோல்ஸ் பெட்டியை நீட்டினாள். ரவீன் தன் கம்பங்களுக்குப் போர்வை போட்டான். அவற்றில் இரண்டு அடுத்த புதன்வரை எரியவில்லை. பழுது ஒன்றுமில்லை, முகம் காட்ட விருப்பமில்லை.

ஜூலையில் கவுன்சில் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்த இடத்தில் முப்பத்தொரு பெட்டைகள் வந்து இறங்கினார்கள். யோகமலர் கழுத்தில் விசிலோடு வடைக் கூடாரத்தைக் கடந்து போனாள். உள்ளே ஏப்ரன் கட்டிக்கொண்டு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற கிருஷ்ணராசா தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணை, நடுவில ஓட்டை போட வேணும்," என்றாள்.

"தெரியும்," என்றார் அவர்.

தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு மிஞ்சிய வடைகளில் நான்கை அடுத்த வருடம் கோட்டு மூலைகளில் அடையாளத்துக்கு வைத்தார்கள், காற்றுக்கு அசையவில்லை.