முகமது இஸ்மாயில் போகாத ஹவானா

1.
இந்தக் கதை ஒரு விசாத் தாளில் பிறந்தது. 'கியூபாவுக்கு இதற்கு முன் வந்திருக்கிறீர்களா?' என்று கேட்டிருந்தது. ஆம், இல்லை, இரண்டு கட்டம். டீ ஆறிப்போகும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இராஜமாணிக்கம் என்பவன் ஒரு நாள்…

(வேண்டாம். அவன் நான்தான். ஐம்பது வயதில் எழுத்துப் படித்தவனுக்கு வேறொருவனாக நடிக்க வராது.)

2.
வரும். தொண்ணூற்று நாலில் எட்டு மாசம் நடித்தேன். கப்பல் ஏற வேண்டிய கூட்டாளி முகமது இஸ்மாயிலுக்கு மஞ்சள் காமாலை. அவனுடைய மாலுமி அடையாளப் புத்தகத்தோடு பத்லியாக* நான் ஏறினேன். படத்தில் தாடி இருந்தது, எனக்கும் இருந்தது. ஹவானாவில் சர்க்கரை ஏற்றினோம். அமெரிக்கத் தடைக்குப் பயந்து கப்பல்கள் ஒதுங்கிப்போன ஊர். ஒரு பகல் இறங்கி நடந்தேன். முத்திரை அவன் பெயரில் விழுந்தது.

*ஒருவன் பெயரில் இன்னொருவன் வேலைக்குப் போவது. எங்களுக்குள் இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

3.
இஸ்மாயில் போன வருஷம் இறந்தான். அந்தக் கப்பலுக்கு அப்புறம் பிறந்த மகள் ரஹீலா, கரியாஹாட்டில் டிராவல்ஸ் ஆபீஸில் வேலை. ஆபீஸ் சலுகையில் இரண்டு டிக்கெட்.

"வாப்பா நடந்த தெருவுல நடக்கணும் மாமா. கூட வாங்க."

"எனக்கெதுக்கும்மா?"

"ரொம்ப பிகு பண்ணாதீங்க. காளிகாட் தாண்டி எங்க போயிருக்கீங்க?"

நான் அவனிடம் சொன்ன கடற்சுவர், அதைத் தாண்டித் தெறிக்கும் அலை, மாடியிலிருந்து கயிறு விட்டு ரொட்டி இழுத்த பெண், எல்லாமே தான் பார்த்ததாக மகளிடம் சொல்லியிருக்கிறான். (அந்தப் பெண் கையசைத்தாளாம். எனக்கு அசைத்ததாக நினைவில்லை. ஒருவேளை அசைத்தாளோ?)

4.
ஒரு முடிவு: சொல்லிவிடுகிறேன். அவளுடைய வாப்பா மறுபடியும்…

(அடித்துவிட்டேன்.)

இன்னொரு முடிவு: வாயை மூடிக்கொண்டு போகிறேன். நான் நடந்த தெருவை அவள் எனக்குக் காட்டுகிறாள், நான் ஆச்சரியப்படுகிறேன். இது திரும்பிப் போவதா, புதிதாய்ப் போவதா? எழுதுகிற எனக்கே குழப்பம்.

5.
இந்த இடத்தில் ரஹீலா வந்துவிட்டாள்.

"என்ன மாமா, இத்தனை தாள்!"

"கதை."

"அட! எனக்குத் தமிழ் படிக்க வராதே. வாசிங்க, கேக்குறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலைப்பை விட்டுவிட்டு முதல் தாளை வாசித்தேன். சிரித்தாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீங்கதான் போனதே இல்லையே. சரி, அப்புறம்?"

ஒரு வரி பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். இரண்டாம் தாள் இடது கையில். படிக்கத் தெரிந்தவர் நீங்கள். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை. வாசிக்கட்டுமா?