பெல்ட் கட்டிய கை

மருத்துவர் ஒரு தாளில் என் வயிற்றை வரைந்தார். நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு நீளத் தசைகள், அவற்றைச் சேர்க்கும் வெள்ளை நாரால் ஆன ஒரு தையல். பக்கத்துக்கு மூன்று அடுக்கு.

"மேல ரெண்டும் குறுக்கும் மறுக்குமா ஓடும். உடம்பை வளைக்க, திருப்ப. எல்லாத்துக்கும் உள்ள இருக்கறது இடுப்பைச் சுத்திக் கட்டின மாதிரி. நீங்க பீரோவைத் தூக்கறதுக்கு முன்னாடியே அது இறுகிடும். யாரும் சொல்லவே வேணாம்."

எனக்கு மச்சான் ஞாபகம்தான் வந்தது. அக்கா வீட்டுக்காரர். வீடு மாற்றும் லாரியில் பதினோரு வருடமாக நாங்கள் ஜோடி. அவருக்கு மேல் படி, பாரம் இறங்கும் கீழ்ப் படி எனக்கு. "ஒண்ணு, ரெண்டு" என்பார். மூன்று சொன்னதே இல்லை, அதற்குள் தூக்கிவிடுவார். நானும் பழகிக்கொண்டேன்.

ஆறு மாதத்துக்கு முன் தொப்புளுக்கு மேல் எலுமிச்சை அளவில் புடைத்தது. அவரிடம் மட்டும் காட்டினேன்.

"வெளிய மூச்சு விடாத மாப்ள. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. புது ஆளோட நான் மல்லுக்கட்டணும்."

தினமும் காலையில் லாரிக்குப் பின்னால் நிற்கவைத்து, என் இடுப்பில் முழங்காலை முட்டுக்கொடுத்து, அகல பெல்ட்டை அவர் கையாலேயே இறுக்கினார். என்ன பாசம் என்று உருகினேன்.

"இது குடலிறக்கம். நடுத் தையல்ல விழுந்த ஓட்டையை பெல்ட் அடைக்காது. மறைக்கத்தான் செய்யும்" என்றார் மருத்துவர். மறைத்த ஓட்டையில்தான் போன மாதம் மாடிப்படியில் குடல் சிக்கியது; ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தார்கள்.

இனி கனம் தூக்கக் கூடாது. வேலையில் பட்ட காயமென்றால் கம்பெனி எனக்குக் கிடங்கில் உட்கார்ந்த வேலை தர வேண்டும். மறைத்த நோயென்றால் வாசலைக் காட்டலாம். எல்லாம் மச்சானின் சாட்சியில்தான் இருந்தது. அதனால் நிம்மதியாகத் தூங்கினேன், மடையன்.

மேலாளர் நீட்டிய தாளில் மச்சானின் கையெழுத்து இருந்தது. 'வீக்கத்தை என்னிடமும் மறைத்துவிட்டார். பெல்ட் எதற்கென்று எனக்குத் தெரியாது.'

லாரி நிற்கும் இடத்துக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"ஏன் மச்சான்?"

அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "நான்தான் கட்டிவிட்டேன்னு தெரிஞ்சா என் வேலையும் போயிரும். உங்க அக்காவை நினைச்சுப் பாரு."

அக்காவை இழுத்ததுதான் தாங்கவில்லை. வயிறு தானாக இறுகி, தையல் சுரீரென்றது. லாரிக்குள் புது ஆள் ஒருவன் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான்.

"கீழ்ப் படிக்கா?" என்று மச்சானிடம் கேட்டேன்.

"ஆமா."

"அவனுக்காவது மூணு வரைக்கும் எண்ணுங்க" என்றேன்.