ஓசையில்லாத பம்ப்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. அக்கா எழுதச் சொன்னாள். சொன்னாள் என்பதுகூட மரியாதைக்குத்தான், அதட்டினாள்.

"ஊர்ல இருக்கறவங்களைப் பத்தியெல்லாம் எழுதுறல்ல, இதையும் எழுது. அன்னைக்கு மத்தியானம் நான் தூங்கினது தப்பா இல்லையான்னு படிக்கறவங்க சொல்லட்டும்."

ஆக, வாசகரே, வேலை உங்களுக்குத்தான். நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மர்மமெல்லாம் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. ஒரு மத்தியானம் அக்கா அசந்து தூங்கினாள். அவள் எழுவதற்குள் அத்தானின் மீன்தொட்டியில் இருந்த உயிரெல்லாம் போய்விட்டது.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"கடல் என்பது ஒரு பெரிய—"

சீ. வேண்டாம்.

"அத்தானின் கூடத்தில் ஒரு கடல் இருந்தது." இதுவும் சகிக்கவில்லை. அது கடல் இல்லை. ஒரு ஆள் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய கண்ணாடித் தொட்டி. உப்புத்தண்ணீர், அதில் உயிருள்ள பவளங்கள், மீன்கள், பாசி தின்னச் சில நத்தைகள். கீழே அலமாரிக்குள் இன்னொரு தொட்டி, அதற்குப் பெயர் சம்ப். மேலேயிருந்து தண்ணீர் குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும். அங்கே அழுக்கு பிரிந்து, சூடு தணிந்தபின் ஒரு பம்ப் அதை மறுபடி மேலே தள்ளும். அந்த பம்ப் நின்றால் மேலே இருப்பது தேங்கின தண்ணீர்.

அத்தான் அதைத் தன் கையால் கட்டினார். பிறகு பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. தொட்டிக்கு எதிரே கட்டில் போட்டார்கள். பொழுதன்னைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "கண்ணுக்கு வேலை இருக்கறது நல்லது, தொட்டியை எடுத்துடாதீங்க" என்றார் மருத்துவர். அக்கா எடுக்கவில்லை.

(இந்தப் பத்தியில் அக்காவுக்குக் கிடைத்தது இரண்டே சொல். வீட்டிலும் அப்படித்தான்.)

3

பழைய பம்ப் தகர டப்பாவில் கல்லை உருட்டுகிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாடா. சத்தமே கேக்கக் கூடாது. மத்தபடி எது வேணா வாங்கு."

"எவ்வளவு தண்ணி தள்ளணும்க்கா?"

"எனக்கென்னடா தெரியும்? தெரிஞ்சவரு படுத்திருக்காரு."

கடைக்காரர் சரியான வாயாடி. டப்பாமேல் அச்சிட்டிருந்த பெரிய எண்ணை நான் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"அது மேல ஏத்தாம ஓட்டினா வர்ற கணக்கு சார். உங்க வீட்டுல சம்புலேர்ந்து தொட்டி விளிம்பு வரைக்கும் ஏறணும்ல? குழாய் எத்தனை எடத்துல வளையுது? ஒவ்வொரு வளைவுலயும் வேகம் செத்துடும்."

"அப்ப இருக்கறதுலயே பெருசா வாங்கிடட்டுமா?"

"எறங்கற குழாய் தாங்கணுமே. மேல போற தண்ணிக்குக் கீழ வர வழியில்லன்னா கூடம் பூரா குளமாயிடும்."

இன்னொன்றும் சொன்னார். தொட்டிக்குள் அலை எழுப்பத் தனியாகச் சின்ன மோட்டார்கள் வேண்டும், ஒரே பம்பை நம்பக் கூடாது. அத்தான் அவற்றை வைத்திருந்தார். அவர் விழுந்த பிறகு கழுவ ஆளில்லாமல் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டன. அக்காவிடம் ஃபோனில் கேட்டேன்.

"அது வேறயா? யாருடா கழுவறது? நீ வந்து கழுவறியா?"

நான் ஃபோனை வைத்துவிட்டேன். ஆக எல்லா வேலைக்கும் ஒரே பம்ப். ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், அப்படி ஒரு அமைதி. கடைக்காரர் கடைசியாக ஒரு பெருமை சொன்னார்: "ஏதாவது சிக்கினா எரிஞ்சு போகாது சார். தானே நின்னுக்கும்."

[அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: பழைய பம்பில் ஏதாவது சிக்கினால் அலறும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். கடையில் நிற்கும்போது இது என் மண்டையில் ஏறவில்லை.]

4

இனி அந்த மத்தியானம். நான் அங்கே இல்லை. அதனால் இஷ்டத்துக்கு எழுதினேன்.

சம்புக்குள் இறங்கிய ஒரு நத்தை பம்பின் வாயில் சிக்குகிறது. பம்ப் சத்தமில்லாமல் நிற்கிறது. (இது நிஜம். நத்தையை நானே பிடுங்கி எடுத்தேன்.) பழைய பம்பின் இரைச்சலில் மாதக்கணக்காகத் தூக்கம் கெட்ட அக்கா உள்ளறையில் தூங்குகிறாள். நல்ல வெயில். தண்ணீர் சூடாகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எதிரே அத்தான், மரக்கட்டையாக, கூப்பிட வழியில்லாமல், எல்லாவற்றையும் பார்த்தபடி—

அழுதுகொண்டே எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டேன். என்ன செய்ய, இந்தத் தொழில் அப்படி.

5

அக்கா காய் நறுக்கிக்கொண்டே படித்தாள்.

"யாருடா இந்தக் கட்டை?"

"அத்தான்தான்க்கா..."

"அவருக்கு இடது கை நல்லா வரும். கையில மணி இருக்கு. அதை எங்க காணோம்?"

வாசகரே, அந்த மணியை நான்தான் தூக்கிவிட்டேன். கட்டைவிரலால் அழுத்தினால் வீடு முழுக்கக் கேட்கிற அழைப்பு மணி. ஒரு முறை அடித்தால் ஆமாம், இரண்டு முறை அடித்தால் இல்லை. அது கதையில் இருந்தால் அத்தான்மேல் பரிதாபம் குறைந்துவிடுமே என்று பயந்தேன்.

"அப்புறம் என்ன எழுதியிருக்க, பம்ப் சத்தத்துல எனக்குத் தூக்கம் போச்சா? பம்ப் என்னடா பண்ணுச்சு, பாவம். இவருதான்டா அடிப்பாரு. மூக்குல ஈ உக்காந்தா அடிப்பாரு. தலகாணி நகர்ந்தா அடிப்பாரு. நான் பாத்ரூம் போனா கரெக்டா அப்பதான் அடிப்பாரு. இவரை மாத்த முடியாது. பம்பைத்தானே மாத்த முடியும்?"

கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒரு மீன் ஓரமா ஒதுங்கினாக்கூட அடிக்கற மனுஷன். அன்னைக்கு எல்லாம் சாகற வரைக்கும் பாத்துக்கிட்டே கெடந்திருக்காரு. நான் எழுந்து வந்தப்ப மணி உள்ளங்கையிலதான் இருந்துச்சு. அமுக்கிப் பாத்தேன், அடிச்சுது. ஏன்டா அவரு அடிக்கல?"

அவளுக்குத் தெரிய வேண்டியது இதுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

6

முடிவுகள் எழுதினேன். அக்காவின் குறிப்புகளோடு தருகிறேன்.

பாவம், தூங்கட்டும் என்று அத்தான் விட்டுவிட்டார். அவளுக்குக் கொடுக்க அவரிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. ("சினிமா மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள்.)

கோபம். தன் தொட்டியை அவள் தொல்லையாக நினைப்பது அவருக்குத் தெரியும். நீ தூங்கினால் என்ன ஆகும் பார் என்று கண்ணெதிரே காட்டினார். (தாளைக் கவிழ்த்து வைத்தாள்.)

அவரும் தூங்கிவிட்டார். ("கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. அழுதிருந்தாரு. அதை எழுதாம விட்டுடாத.")

அவருக்கே அதைப் பார்த்துப் பார்த்து அலுத்து— (இதை நான் முடிக்கவில்லை.)

"அவர்கிட்டயே கேளேன்க்கா. ஒண்ணா ரெண்டான்னு சொல்லிடப் போறாரு."

"சொல்லிடுவாரு. அதான் கேக்கல."

7

நேற்று போயிருந்தேன். காலித் தொட்டி இன்னும் கட்டிலுக்கு எதிரேதான் நிற்கிறது, கண்ணாடியெல்லாம் உப்புப் பூத்து. அக்கா அத்தானுக்கு ஊட்டிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போதுமா? தண்ணி வேணுமா? திருப்பிவிடவா? ஆமாம், இல்லை என்று அவர் அடிப்பதற்குத் தோதாக ஒவ்வொன்றாகக் கேட்கப் பழகியவள். எப்போதாவது வந்துபோகிற, அப்படிக் கேட்கத் தெரியாமல் முழித்த நர்ஸுக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டே, திடீரென்று கேட்டாள்.

"ஏங்க, அன்னைக்கு நான் தூங்கட்டும்னு விட்டீங்களா, இல்ல எம்மேல இருக்கற கோவத்துல விட்டீங்களா?"

அவள்கூட இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டாள். அத்தான் அவளையே பார்த்தார். கட்டைவிரல் அழுந்தியது.

ஒரு முறை.

பிரித்து இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அக்கா கேட்கவில்லை. நானும் எடுத்துக்கொடுக்கவில்லை. "சரி" என்றாள். அவர் தோளுக்கடியில் கை கொடுத்து, சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "எழுதிக்கோ" என்றாள்.

எழுதிவிட்டேன். அவர் எதற்கு ஆமாம் என்றார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை அவளிடம் சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லுங்கள். அவள் மத்தியானத்தில் படுப்பதையே விட்டுவிட்டாள்.