நான்கு மூலை மஞ்சள்

மரிய கொறற்றிக்கு நன்றாகப் படம் வரையத் தெரியும் என்பதை இரத்தோட்டையில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதை வைத்துப் பிழைக்கலாம் என்பதைத்தான் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில், அவள் மாத்தளை டவுனில் நுஹ்மானின் அச்சகத்துக்குப் போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கொழும்பில் கிராஃபிக் டிசைன் படிப்பு ஒன்று இருந்தது. மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அதில் அப்பாவின் கையெழுத்தும் வேண்டும்.

அப்பா ராஜநாயகம் தோட்டத்துக் கிளாக்கர். வடக்கில் நடந்த சண்டையை நிறுத்தி ஒரு வருசம் ஆகியிருந்தது, பாதையெல்லாம் திறந்துவிட்டார்கள். ஆனாலும் மகளைக் கொழும்புக்கு அனுப்ப அவர் மசியவில்லை. முன்பு ஒருமுறை கொழும்புக்குப் போனபோது, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பொலிஸில் இரண்டு நாள் உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளை அவர் இன்னும் மறக்கவில்லை.

"டீச்சர் வேலைன்னா பக்கத்திலயே கெடைக்கும். இந்த டிசைன்னு சொல்றியே, அது என்னா வேலைன்னே எனக்கு வெளங்கல. நீ செஞ்சத ஒண்ணு கையில கொண்டு வா. பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

கொறற்றிக்கு அந்த ஒன்று கிடைத்தது. யட்டவத்தவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சின்னப்பிள்ளை என்ற அம்மாவின் மகள் சரோஜாதேவிக்குக் கல்யாணம். கார்டு முழுக்கக் கொறற்றியின் கைவண்ணம். நான்கு மூலைக்கும் நான்கு மயில், ஒவ்வொரு தோகைக்கும் ஒரு நாள் உழைப்பு. வழக்கமான சொரசொரப்பு அட்டை வேண்டாம், முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு அட்டைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கண்டிக்கு அனுப்பி நாலு நிறத்தில் அடித்து வாங்கினாள். கட்டுப் பிரித்த அன்று அவள் தரையில் நடக்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் சின்னப்பிள்ளை வந்து கார்டுகளைச் சந்தோசமாக வாங்கிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அதே கட்டோடு திரும்பி வந்தார்.

"இங்க பாரும்மா" என்று மேசையில் ஒரு கார்டை வைத்தார். கையோடு கொண்டுவந்த சிமிழைத் திறந்து, குழைத்த மஞ்சளைப் பெருவிரலில் எடுத்து ஒரு மூலையில் வைத்துத் தேய்த்தார். மஞ்சள் ஒட்டவில்லை. வழுக்கிக்கொண்டு மயிலின் கழுத்துவரை போய் நின்றது. முந்தானையால் ஒரு துடை துடைத்தார், அட்டை பளிச்சென்று ஆனது. அடுத்த மூலையில் பூசித் துடைக்காமல் விட்டார். அங்கே மயிலுக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது.

"நாலு மூலையிலயும் மஞ்ச நிக்காத கார்ட நான் எப்புடி ஒரு வீட்டுல குடுப்பேன்? விடிஞ்சா வெள்ளிக்கெழம. மொதக் கார்டு அம்மனுக்கு வைக்கணும்."

கொறற்றி வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவள். கூட்டாளிகள் வீட்டுக் கார்டுகளில் மூலையில் மஞ்சளைப் பார்த்திருக்கிறாள்தான். எத்தனையோ கார்டைப் பார்த்தவள், அதை யார், எப்போது, எதனால் பூசுகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அச்சக முதலாளி நுஹ்மான் நானாவும் தலையைச் சொறிந்தார்.

"இருவது வருசமா கல்யாண வீட்டுக் கார்டெல்லாம் அடிக்கிறேன் புள்ள. கடை வாசல தாண்டினப் பொறகு அதுக்கு என்னா நடக்குதுண்டு நான் பாத்ததே இல்ல." பிறகு சின்னப்பிள்ளையிடம் திரும்பி, "கவருல பூசிக் குடுத்தா ஆகாதா?" என்று கேட்டார்.

"கவரக் கிழிச்சிக் குப்பையில போடுவாங்க. மங்களமும் குப்பைக்குத்தான் போகணுமா மொதலாளி?"

"மஞ்ச நெறத்திலயே மூலைய அச்சடிச்சுத் தரட்டாம்மா?" என்றாள் கொறற்றி.

"மையி வேற, மஞ்ச வேற. எங்க வீட்டுக் கை படணும்மா."

கொறற்றிக்கு அழுகை வந்தது. கம்ப்யூட்டர் கிட்டத் தண்ணீர் ஆகாது என்பது நானாவின் சட்டம், அதனால் விழுங்கிக்கொண்டாள். அப்பாவிடம் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? யாருக்குச் செய்கிறோம் என்றுகூட விசாரிக்காமல் மயில் வரைந்த மடத்தனத்தையா? வெட்கமாக இருந்தது. டீச்சர் வேலை அப்போது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

ஆனால் சின்னப்பிள்ளை கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து விரலில் மிச்சமிருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கொறற்றியும் பார்த்தாள். உள்ளே போய்ப் பழைய சொரசொரப்பு அட்டையில் ஒன்றை வெட்டி எடுத்துவந்தாள்.

"அம்மா, இதுல பூசுங்க. வீட்டுல எப்புடிப் பூசுவீங்களோ, அப்புடியே."

சின்னப்பிள்ளை இடது கையில் அட்டையைப் பிடித்து, நான்கு மூலையிலும் பெருவிரலை வைத்து இழுத்தார். மஞ்சள் அப்படியே அட்டைக்குள் இறங்கி நின்றது. கொறற்றி அடிமட்டத்தை எடுத்து அந்த நான்கு தடத்தையும் அளந்தாள்.

"என்னாம்மா, சட்ட தைக்கவா வெரல அளக்குற?" என்று சின்னப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

புதுக் கார்டைக் கண்டிக்கு அனுப்ப நேரமில்லை. நானாவின் மெஷின் ஒரு தடவைக்கு ஒரு நிறம்தான் அடிக்கும், இருக்கிற நேரத்துக்கு இரண்டு நிறத்துக்கு மேல் தாங்காது. கொறற்றி மூன்று மயிலைத் துரத்தினாள். மிஞ்சிய ஒன்றை மேலே நடுவில் உட்கார வைத்தாள். சுற்றிவரப் போட்ட கரைக்கோட்டை ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெருவிரல் தூரத்தில் நிறுத்தினாள். அந்த இடங்களில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. கை துறுதுறுத்தது, சும்மா இருக்கச் சொன்னாள். நானா மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து, சொரசொரப்பு அட்டையை வைத்து மெஷினை ஓட்டினார். "பளபளப்புக்கு நானுந்தானே தலையாட்டினேன்" என்று ஒரே வார்த்தையில் நட்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பொழுது சாயும் முன்னே சின்னப்பிள்ளை காயாத கார்டுகளை மடியில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் இருந்த நேரம், சின்னப்பிள்ளையும் புருசனும் அழைப்புச் சொல்ல இரத்தோட்டைக்கே வந்துவிட்டார்கள். தட்டில் கார்டை வைத்து ராஜநாயகத்திடம் நீட்டினார்கள்.

"உங்க மக செஞ்சதுங்க ஐயா. போற வீட்டுல எல்லாம் கையில வாங்கிப் பாத்துட்டு, எங்க அடிச்சீங்கன்னுதான் கேக்குறாங்க."

அவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிறகும் ராஜநாயகம் கார்டைக் கீழே வைக்கவில்லை. மயிலைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

"மயிலு நல்லாருக்கு. ஆனா மயிலத்தான் நீ சின்ன வயசிலருந்தே வரையிறியே. இதுல டிசைன்னு சொல்றியே, அது எது?"

கொறற்றி மஞ்சள் பூசிய மூலையில் விரலை வைத்தாள்.

"இந்த எடம் அப்பா. இங்க ஒண்ணுமே போடாம விட்டேன். அது அவங்களுக்கு."

அவர் அந்த மூலையில் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. மற்ற மூன்று மூலையிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கொழும்புல எங்க தங்குறதுன்னு விசாரிச்சியா?"

அப்பா சம்மதிக்கமாட்டார் என்ற நிச்சயத்தில், அதை மட்டும் கொறற்றி விசாரிக்கவே இல்லை.